இரண்டு மணி நேரக் கேப்டன்

என் மனைவி இறந்த எழுபத்தொன்றாம் நாள், அவள் குரலை அடையாளம் காட்ட வரச் சொல்லி இராணுவத்திலிருந்து கடிதம் வந்தது. நான் சாட்சி எண் நான்கு. மறைந்த கேப்டன் ஹெப்சிபாவின் கணவர், திரு. டி. சாமுவேல். ரயில் டிக்கெட்டையும் இணைத்திருந்தார்கள். மேல் படுக்கை.

வடக்கே அந்தப் பாசறைக்குப் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. வாசலில் ஒரு மேஜர் காத்திருந்தார். என் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

“அச்சுதன். பாலக்காடு. தமிழ் பேசுவேன், கொஞ்சம் கோணலா இருக்கும்,” என்றார். “முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன் சார். நான் ஏழுமலை பக்கம். அவனுக்காகப் பேசற அதிகாரி நான்தான். என்கூட நடந்து வரலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.”

நடந்தேன். எனக்கு வழி தெரியாது.

சிப்பாய் ஏழுமலை. வேலூரை அடுத்த கணியம்பாடிப் பக்கம். இருபத்தெட்டு வயது, ஒரு பெண் குழந்தை. மருத்துவப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தூக்குபவன். பிப்ரவரி ஒன்பதாம் தேதி, பதினேழாயிரம் அடி உயரத்தில், இராணுவ டாக்டரான என் மனைவியோடு இருந்தவன். அன்று மாலை ஆஸ்பத்திரியில் வந்து இறங்கியபோது அவள் சட்டையைப் போட்டிருந்தவன். அவளை மறுநாள் காலையில்தான் கொண்டுவந்தார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். இதற்கு மேல் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

“என்ன குற்றம்னு சொன்னாங்களா?” என்று மேஜர் கேட்டார்.

“சட்டையத் திருடினான்னு.”

“மூணு குற்றம். மேலதிகாரியோட பதவிச் சின்னத்தை அணிஞ்சது. கட்டளையை மீறினது. மேலதிகாரி சாவுக்குக் காரணமானது. மூணாவது நின்னுதுன்னா பதினாலு வருஷம்.” என் பக்கம் திரும்பினார். “பதிவுல இருக்கறது உங்க மனைவி குரல்னு நீங்க சொல்லிட்டா ரெண்டாவது நின்னுடும். ரெண்டாவது நின்னா மூணாவது தானா நிக்கும்.”

“அவ குரலா இருந்தா அவ குரல்னுதான் சொல்லுவேன்.”

“சொல்லுங்க. பொய் சொல்லச் சொல்லி நான் வரல.”

சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயிர்ச்சட்டை என்பது அரசுப் பெயர். மேலே, பனிமலையில், எல்லோரும் சட்டை என்றுதான் சொல்வார்கள். உள்ளே சூடேற்றும் கம்பி. நெஞ்சில் நாடி பார்க்கும் பட்டை. காலரில் ஒலிப்பதிவு, அது மீட்புக்கு முந்தைய கடைசி நாற்பது நிமிடத்தை மட்டும் வைத்திருக்கும். தோளில் பதவி. போர்முனையில் அதிகாரிக்கு சல்யூட் அடிக்கக் கூடாது, தோளில் எதுவும் மின்னக் கூடாது என்பது பழைய வழக்கம். மின்னினால், தூரத்திலிருந்து குறிபார்ப்பவனுக்கு யாரை முதலில் சுடுவது என்று தெரிந்துவிடும். சட்டையில் அந்தக் கவலை இல்லை. நம் ஆட்கள் மாட்டும் களக்கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் நட்சத்திரம் தெரியும். வெறும் கண்ணுக்கு எல்லோரும் ஒரே சாம்பல் நிறம்.

ஹெப்சிக்கு மூன்றாவது நட்சத்திரம் கிடைத்த நாளில் என்னையும் அழைத்திருந்தார்கள். ஒரு தோளில் மேலதிகாரியும் மறு தோளில் வீட்டு ஆளும் நட்சத்திரம் குத்திவிடுவது மரபு. குத்துவதற்கு ஒன்றும் இல்லாததால் ஒரு தொடுதிரையை நீட்டினார்கள். விரலை வைத்தேன். “லிஃப்ட் பட்டன அமுக்குத மாதிரி அமுக்குத,” என்று காதோரம் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

சட்டைகள் அனுப்பும் செய்தியைக் கேட்டு வருவது தூக்கி. ஆளில்லாமல் பறக்கும் ஊர்தி. அந்த உயரத்தில் அதனால் ஒருவரைத்தான் சுமக்க முடியும். இரண்டு பேர் மாட்டிக்கொண்டால் யாரை முதலில் எடுப்பது என்பதை அதுவே தீர்மானிக்கும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. நாடி எவ்வளவு, காயம் எவ்வளவு, பதவி என்ன. சிப்பாய்க்கு ஒன்று, கேப்டனுக்கு நான்கு. காயமே படாத கேப்டன், சாகக் கிடக்கும் சிப்பாயை முந்திவிடுவார். தேர்ந்தெடுத்த சட்டைக்குத்தான் தூக்கியின் கதவு திறக்கும்.

அந்தக் கணக்கை எழுதியவன் நான்.

பெங்களூரில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் வேலை. எண்களை ஒரு குழு கொடுத்தது. நான் பதினொரு வரி எழுதினேன். அதிகாரி எதிரியிடம் சிக்கினால் ரகசியமும் சேர்ந்து சிக்கும் என்று குழு காரணம் சொன்னது. தவறான காரணம் என்று சொல்ல முடியாது.

போன டிசம்பரில் ஹெப்சி விடுமுறைக்குப் பாளையங்கோட்டை வந்திருந்தாள். அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கை அவளிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது. வேலையில் சேரும்போது ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவன்.

“அப்ப என் ஸ்ட்ரெச்சர்காரன் எனக்குக் கால்வாசியா?” என்று கேட்டாள்.

“கணக்குக்கு.”

“நிறுத்துப் பாத்தியோ?”

“குழு குடுத்த நம்பர், ஹெப்சி.”

“எழுதினது நீதான.” செதிலைச் சுரண்டினாள். “சரி, என் சட்டைய அவன் போட்டுக்கிட்டா என்ன ஆகும்?”

“ஏத்துக்காது. ஆளுக்கு ஆள் நாடி வேற. பொருந்தணும்.”

“பொருந்துதான்னு நெசமாவே பாக்குதா?”

அவளிடம் மட்டும்தான் சொன்னேன். குளிர் அறையில் சோதித்தபோது, உடல் விறைத்தவர்களின் நாடி மாறிப்போய், சொந்தச் சட்டையே அவர்களை மறுத்தது. ஒப்படைக்க ஒன்பது நாள்தான் இருந்தது. பொருத்தம் பார்க்கும் பகுதியை அணைத்துவைத்தேன். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. கையேட்டில் பொருத்தம் பார்க்கும் என்றே அச்சாகிவிட்டது. உண்மையில் உள்ளே யாருடைய நாடியாவது துடித்தால் போதும்.

“அப்ப போட்டவன்லாம் கேப்டன்,” என்று சிரித்தாள். “நல்லாத்தான் இருக்கு ஒங்க வேல.”

விசாரணை நடந்த அறை பழைய உணவுக்கூடம். சுவரில் இன்னும் மசாலா வாசனை இருந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் கர்னல் தேஷ்பாண்டே. அவர் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழாக்க ஒரு சுபேதார் பக்கத்தில் நின்றார்.

ஏழுமலையை இரண்டு காவலர்கள் நடைபோட்டுக் கொண்டுவந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல்தான் வர வேண்டும். தலையில் தொப்பி இல்லாதவன் சல்யூட் அடிக்க முடியாது. அவன் கர்னலுக்கு முன்னால் கைகளைத் தொடையோடு ஒட்டி நின்றான். குட்டையான ஆள். கன்னத்தில் குளிர் தின்ற கருப்புத் திட்டு. எழுபது நாளுக்கு மேலாக நான் வெறுத்துவந்தது இவனைவிட உயரமான ஒருவனை.

“நடந்ததைச் சொல்,” என்றார் கர்னல்.

“ரெண்டாவது போஸ்ட்ல ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னு மேடமும் நானும் போய்க்கினு இருந்தோம் சார். பனி சரிஞ்சிச்சி. எனுக்கு வயித்துல கல்லு அடிச்சிச்சி. என் சட்டை கிழிஞ்சி கம்பி அறுந்துபோச்சி, சூடு நின்னுபோச்சி. மேடத்துக்கு ஒண்ணும் ஆவல. என் வயித்த அமுக்கிப் பாத்தாங்க. உள்ள ரத்தம் போவுது ஏழுமலைன்னாங்க. தூக்கி வந்தா மொதல்ல என்னத்தான் எடுக்கும், உங்கள எடுக்காது, அது திரும்பி வர நாலு மணி நேரம் ஆவும், நீங்க தாங்க மாட்டீங்கன்னாங்க. அவங்க சட்டைய கழட்டி எனக்குப் போட்டு வுட்டாங்க. என் கிழிஞ்ச சட்டைய அவங்க போட்டுக்கினாங்க.”

“நீ மறுக்கவில்லையா?”

“வேணான்னேன் சார். அதுக்கு மேடம், தோள்ல மூணு ஸ்டார் வந்தாச்சி, இனிமே நீங்கதான் கேப்டன், எனக்கு ஆர்டர் போடுங்க பாப்போம்னாங்க. எனுக்கு ஆர்டர் போடத் தெரியாது மேடம்னேன். அப்ப கத்துக்கோங்கன்னாங்க.”

சுபேதார் அதை மொழிபெயர்த்தபோது ஓரத்து அதிகாரி மூக்கால் சிரித்தார். கர்னல் சிரிக்கவில்லை.

“அப்பால ஒண்ணு சொன்னாங்க சார். கொஞ்ச நேரம் ஆனா நான் இத திருப்பிக் கேப்பேன். கெஞ்சுவேன். அப்ப கேக்குறது நான் இல்ல, குளிரு. டாக்டரா சொல்றேன், குடுக்கக் கூடாது. இது ஆர்டர்னாங்க.”

“எத்தனை மணிக்கு?”

“ஒரு மணி இருக்கும் சார். தூக்கி வர்றப்ப மூணு ஆயிடுச்சி. காத்து.”

“நீ சொல்லும் ஆர்டர் பதிவில் இல்லை,” என்றார் கர்னல். “பதிவில் இருப்பது வேறு ஆர்டர்.”

பதிவை ஓடவிட்டார்கள். முதலில் காற்று. வெகுநேரம் காற்று மட்டும். என் முன்னால் ஆங்கிலத்தில் எழுதிய தாள் இருந்தது. வரிகளுக்கு எண் போட்டிருந்தார்கள். நான் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏழுமலை. சட்டையக் குடுங்க.”

அவள் குரல்தான். அருகில் நின்று பேசுவது போல இருந்தது.

“குளிருது. குடுங்க.”

“மேடம், நீங்கதான மேடம் சொன்னீங்க.”

“நான் ஒண்ணும் சொல்லல. கேப்டன் சொல்லுதேன். என் சட்டையக் குடுங்க. இது ஆர்டர்.”

அவன் அழுவது கேட்டது. மறுபடியும் காற்று. பிறகு அவள் பேசினாள். நாக்கு தடித்திருந்தது.

“ஃபேன நிறுத்து ரூபன். போர்வைய நீயே இழுத்துக்கிட்டா எப்படி. ரூபன்.”

தாளில் பதினான்காவது வரி, ‘என் சட்டையைக் கொடுங்கள், இது ஆர்டர்’. பதினைந்தாவது வரி, ‘தெளிவற்ற பேச்சு’.

“இது உங்கள் மனைவியின் குரலா?” என்று கர்னல் கேட்டார்.

“ஆம்.”

“சந்தேகம் இல்லையே?”

“இல்லை.”

கையெழுத்துப் போட்டேன். கர்னல் இன்னொரு கடிதத்தை எடுத்து வாசித்தார். எங்கள் நிறுவனம் அனுப்பியது. கீழே என் மேலாளரின் கையெழுத்து. சட்டை உரியவரின் நாடியை மட்டுமே ஏற்கும் என்று அதில் இருந்தது.

“கையேடும் இதையே சொல்கிறது,” என்றார் கர்னல். “தன் சட்டையைப் போட்டால் தூக்கி சிப்பாயைக் கேப்டனாக எண்ணிச் சுமக்கும் என்று கேப்டன் ஹெப்சிபாவுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆகவே இவன் சொல்லும் திட்டம் அவர் மனதில் இருந்திருக்க முடியாது. இவன் குளிருக்குப் பிடுங்கிக்கொண்டான். ஏதோ கோளாறில் தூக்கி இவனை எடுத்துவிட்டது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இருபது நிமிடம் கழித்து முடிவைச் சொல்கிறேன்.”

தாழ்வாரத்தில் தேநீர் கொடுத்தார்கள். தம்ளரை வாங்கி, குடிக்காமலே கீழே வைத்துவிட்டேன்.

மேஜர் அச்சுதன் பக்கத்தில் வந்து நின்றார். “பதினஞ்சாவது வரியில ஒரு பேரு கேட்டது. சுபேதார்கிட்ட விசாரிச்சேன். முகாம் பெயர்ப்பட்டியல் முழுக்கப் பாத்தாராம். ரூபன்னு சிப்பாய் யாரும் இல்லையாம். அதனால தெளிவில்லைன்னு போட்டுட்டாராம்.”

“நான்தான்.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“வீட்டுல ரூபன். சர்டிபிகேட்லதான் சாமுவேல்.”

“அப்போ அந்த நேரத்துல அவங்க அங்க இல்ல.”

“பாளையங்கோட்டைல இருந்தா.”

மேஜர் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். “இத உள்ள சொல்வீங்களா சார்?”

“சொன்னா போதுமா?”

“போதாது. கடைசில புத்தி தடுமாறிச்சுன்னு காட்டலாம். முதல்ல அவங்களே மனசறிஞ்சு குடுத்தாங்கன்னு அத வச்சு நிரூபிக்க முடியாது. சட்டை விஷயம் அவங்களுக்குத் தெரியும்னு யாராவது சொல்லணும். அப்படி ஒரு ஆள் இல்ல.”

அந்த ஆள் நான்.

சொன்னால் சிறை. ரகசியத்தை வெளியே சொன்னதற்கு ஒன்று, ஓட்டையை மறைத்ததற்கு ஒன்று. அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் வேறு. அவன் பிடுங்கியிருந்தால், அவள் வீட்டுக்கு வர விரும்பினாள், ஒருவன் தடுத்துவிட்டான். அதோடு இருந்துவிடலாம். அவளே கொடுத்தாள் என்றால், கொடுக்கும்போது அவள் புத்தி தெளிவாக இருந்தது. நாலு மணி நேரம், காற்று, கிழிந்த சட்டை, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பாள். அதில் நான் எங்கே வந்தேன் என்று தெரியவில்லை. வந்தேனா என்றும் தெரியவில்லை. அந்தக் கணக்கைப் போடும் வழியையும் நான்தான் அடுக்களையில் நின்று சொல்லிக் கொடுத்திருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் முதல் முறையிலேயே தூக்கி அவளைக் கொண்டுவந்திருக்கும்.

தாழ்வாரத்தின் கோடியில் ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கமும் காவலர்கள். ஒருவர் அவன் ஊர்ப்பக்கத்து ஆள் போலிருந்தது.

“குடிடா. உள்ள போனா பதினாலு வருஷம் டீ கெடைக்காது,” என்று தம்ளரை நீட்டினார் அவர்.

“அப்ப ரெண்டா குடு,” என்றான் ஏழுமலை.

மூன்று பேரும் சிரித்தார்கள். அவன் தம்ளரை வாங்கினான். பாதி தேநீர் கால்சட்டையில் கொட்டியது. அவன் அதைத் துடைக்கவில்லை. துடைக்க வேண்டும் என்று தோன்றாதது போல அப்படியே உட்கார்ந்திருந்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நான் நின்றேன்.

“சாட்சி எண் நான்கின் வேலை முடிந்துவிட்டது,” என்றார் கர்னல்.

“இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்.”

சொன்னேன். பெரிதாக ஒன்றும் இல்லை. பதினைந்தாவது வரியில் வருவது என் பெயர். சட்டையின் கணக்கை எழுதியவன் நான். நாடிப் பொருத்தத்தை அணைத்துவைத்தவன் நான். டிசம்பர் இருபத்தாறாம் தேதி மத்தியானம் அதை என் மனைவியிடம் சொன்னேன். அவளுக்குத் தெரியும்.

கர்னல் கண்ணாடியைக் கழற்றினார். “இதைச் சொன்னதால் உங்களுக்கு என்ன ஆகும் என்று தெரியுமா?”

“தெரியும்.”

“வழக்கறிஞர் வேண்டுமா?”

“வேண்டாம்.”

“நீங்கள் சொல்வது உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும்? துக்கத்தில் இருப்பவர் நீங்கள்.”

“ஒரு சட்டை கொண்டுவரச் சொல்லுங்கள்.”

மேஜர் அச்சுதனின் சட்டையைக் கொண்டுவந்தார்கள். எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்த பணியாளைக் கூப்பிட்டுப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஐம்பது வயது இருக்கும். கூச்சத்தோடு கைகளை நுழைத்தார். கர்னல் களக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வாசலில் களக்கண்ணாடியோடு காவல் நின்றவர், தேநீர்க்காரர் பக்கம் திரும்பிக் குதிகாலைச் சேர்த்து விறைப்பானார்.

“ஐயோ, நான் டீக்காரன் சாமி,” என்றார் தேநீர்க்காரர் இந்தியில். யாரும் சிரிக்கவில்லை.

மாலை நான்கு மணிக்குக் கர்னல் என்னை மட்டும் அழைத்தார். அந்த அறையில் மேசையும் இரண்டு நாற்காலிகளும்தான் இருந்தன.

“உட்காருங்கள், திரு. சாமுவேல். உங்கள் மனைவியை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். என் முழங்காலைப் பார்த்துவிட்டு, மாடிப்படி ஏறாதீர்கள் என்றார். நான் கேட்கவில்லை.” ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். “படியுங்கள்.”

இரண்டு பத்திகள். முதல் பத்தி, சிப்பாய் ஏழுமலை மீதான மூன்று குற்றங்களும் நிற்கவில்லை. கேப்டன் ஹெப்சிபா மனமறிந்து சட்டையை ஒப்படைத்தார். பிறகு வந்த கட்டளை குளிரால் புத்தி தடுமாறிய நிலையில் வந்தது. இரண்டாம் பத்தி, சாட்சி வெளிப்படுத்திய குறையைச் சாட்சியே முப்பது நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும். ஒருவர் உடலிலிருந்து கழற்றிய கணமே சட்டை முழுவதும் அணைந்துவிட வேண்டும். அடிமுகாமுக்குக் கொண்டுவரும் வரை யாருக்கும் மறுபடி உயிர்பெறக் கூடாது. வேலை முடிந்தால் சாட்சி மீது வழக்கு இல்லை.

“கழற்றினால் சூடும் நின்றுவிடுமா?” என்று கேட்டேன்.

“எல்லாம். கழற்றியவருக்கும் பயன்படாது, போட்டுக்கொண்டவருக்கும் பயன்படாது. அப்போது யாரும் கழற்ற மாட்டார்கள்.”

“பதவி எண்ணை எடுத்துவிட்டால் கழற்ற வேண்டிய தேவையே வராது.”

“அது இந்த விசாரணைக் குழுவின் வேலை இல்லை.” அவர் குரல் உயரவில்லை. “என் மகன் மேலேதான் இருக்கிறான். அவன் சட்டையை உருவிப் போட்டுக்கொண்டு எதிரி ஒருவன் நம் ஆஸ்பத்திரி முற்றத்தில் வந்து இறங்கினால்? கதவு அவனுக்குத் திறக்கும். காவலன் அவனைப் பார்த்து விறைப்பாக நிற்பான். இன்று காலையில் நாம் இருவரும் பார்த்தோமே.”

அவர் சொன்னது சரிதான்.

“முதல் பத்திக்கு மட்டும் கையெழுத்துப் போடலாமா?”

“ஓட்டை இருந்தது என்பதால்தான் முதல் பத்தியே எழுத முடிந்தது. ஓட்டை இருக்கிறது, அடைக்க ஏற்பாடு இல்லை என்று தலைமையகத்துக்கு அனுப்பினால் கோப்பு திரும்பி வரும். திரும்பி வரும் வரை அவன் அறையில் பூட்டப்பட்டிருப்பான். எத்தனை மாதம் என்று நான் சொல்ல முடியாது.”

கீழே ஒரே ஒரு கோடு போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வெயில் இன்னும் இருந்தது. ரயில் நிலையத்துக்கு வண்டி வருவதாக மேஜர் சொன்னார். அவர் பின்னால் ஏழுமலை வந்தான். என் முன்னால் நின்று எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் பையைப் பார்த்தான்.

“சார்.”

“சொல்லுங்க.”

“உள்ள ஒண்ணு சொல்லல சார். மேஜர் சார்கிட்ட கூடச் சொல்லல.” மேஜரைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். “அவங்க ரூபன் ரூபன்னாங்க. அது யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் கொரலக் கேட்டப்புறம் என்னால முடில சார். ஆர்டராவது ஒண்ணாவதுன்னு ஜிப்ப எறக்க ஆரம்பிச்சேன். கை வெறச்சிப்போச்சி. கால்வாசில மாட்டிக்கினு வரவே மாட்டேன்னிச்சி. இழுத்துக்கினே இருந்தேன். அதுக்குள்ள தூக்கி வந்துடுச்சி.”

வண்டிச் சத்தம் எங்கோ கேட்டு நின்றது.

“ஜிப்பு எறங்கியிருந்தா குடுத்திருப்பேன் சார். மேடம் வந்திருப்பாங்க.”

“நீங்க வந்திருக்க மாட்டீங்க.”

“ஆமா சார்.” அதை அவன் ஏற்கெனவே பலமுறை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். உடனே சொன்னான்.

“கொழந்தைக்கு என்ன வயசு?” என்று கேட்டேன்.

“மூணு முடியப்போவுது சார். என் கன்னத்தப் பாத்தா பயப்படுது. வீடியோல வந்தா ஓடிடுது.” சிரித்தான். “வயிறு ஆறினதும் மறுபடியும் மேலதான் அனுப்புறாங்க. புதுச் சட்டை வருதாம்ல சார். நீங்கதான் செய்றீங்கன்னு ஆபீஸ்ல பேசிக்கினாங்க.”

“ஆமா.”

“நல்லது சார். தெரிஞ்சவங்க செஞ்சா ஒரு தைரியம்.” பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். இந்த முறை நான் விட்டுவிட்டேன். வண்டி வந்து நின்றதும் பின்கதவைத் திறந்து பையை உள்ளே வைத்தான். கதவைச் சாத்தாமல் நின்றான்.

“ஒண்ணே ஒண்ணு சார். ஜிப்ப மட்டும் கொஞ்சம் பாத்து வைங்க. கையுறையோட இழுத்தாலும் சட்டுனு எறங்கணும்.”

மேஜர் அச்சுதன் வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பத்தியை அவரும் படித்திருந்தார்.

“சரி,” என்றேன்.